500 ரூபாய்க்குள் ஒரு கேம்: கடைசி வரை நமத்துப் போகாதது எது?

சேலம் ஐந்து ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி மாற்ற வருகிற காலேஜ் பையன்கள் பணம் கொடுக்கும்போது தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "அண்ணா, இதுல என்ன கேம் ஓடும்? 500 ரூபாய்க்குள்ள சொல்லுங்கண்ணா." சில மாதம் முன்பு இதே கேள்வியோடு ஏற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். லேப்டாப் பழையது, வீட்டில் சிக்னல் ஒரு கட்டை, சாயங்காலம் பனி இறங்கிவிட்டால் வெளியே போக வழியில்லை. "ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. ரெண்டு நாள்ல சலிச்சுப் போறதா மட்டும் இருக்கக் கூடாது" என்றார்.

தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். ஒரு தட்டையின் மேல் சட்னி தடவி, பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவி வைத்து, இன்னொரு தட்டையால் மூடிக் கையில் தருவார்கள். அங்கேயே நின்று சாப்பிட்டால் கடைசிக் கடி வரை மொறுமொறு. பார்சல் வாங்கி வீட்டுக்குப் போனால் நமத்துவிடும். கேமும் அப்படித்தான். முதல் ஒரு மணி நேரம் எல்லா கேமும் மொறுமொறுவென்றுதான் இருக்கும். பத்தாவது மணி நேரத்தில்தான் சாயம் வெளுக்கும்.

## எதை வைத்து அளப்பது

பையன்கள் பொதுவாக ஒரு கணக்குப் போடுவார்கள். 400 ரூபாய் கேம், 80 மணி நேரம் ஓடும், மணிக்கு 5 ரூபாய். 150 ரூபாய் கேம், 3 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய். ஆகவே முதலாவதுதான் லாபம். நானும் இப்படித்தான் கணக்குப் போட்டு, 75 சதவீதத் தள்ளுபடியில் ஒரு பிரமாண்டமான கேம் வாங்கினேன். வரைபடத்தில் நூறு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் அதே காவல் கோபுரம், அதே பத்துப் பேர், அதே பெட்டி. 22 மணி நேரத்தில் நிறுத்தினேன். அதிலும் கடைசிப் பத்து மணி நேரம் 'காசு கொடுத்தாச்சே' என்று ஆடியது. அந்தப் பத்து மணி நேரத்தை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா?

அதனால் என் முதல் அளவுகோல் கடைசி மணி நேரம். முதல் மணி நேரத்தில் இருந்த ஆர்வம் கடைசியிலும் இருக்கிறதா? வாங்குவதற்கு முன்பே இதைக் கொஞ்சம் மோப்பம் பிடிக்கலாம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பெரும்பாலான கேம்களுக்குச் சாதனைப் பட்டியல் உண்டு. எந்தச் சாதனையை எத்தனை சதவீதம் பேர் அடைந்தார்கள் என்பதையும் காட்டும். முதல் கட்டத்தைத் தாண்டியவர்கள் எவ்வளவு, முடிவைப் பார்த்தவர்கள் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த கேமிலும் பாதியில் இறங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் நடுவழியில் கூட்டம் மொத்தமாக இறங்கியிருந்தால் அங்கேதான் நமத்துப் போகிறது. விமர்சனங்களிலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று இருக்கும். அரை மணி நேரம் ஆடிவிட்டு 'சூப்பர்' என்பவரை விடுங்கள். நாற்பது மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுகிறவரைப் படியுங்கள். ஒரு கேமை முடிக்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை 'ஹவ் லாங் டு பீட்' என்ற தளத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது, மொத்தச் செலவு: டேட்டா, ஸ்கின் (கேமுக்குள் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரம்), கேமின் கூடுதல் பாகங்கள், கிராஃபிக்ஸ் கார்டு ஆசை எல்லாம் சேர்த்து. மூன்றாவது, உங்கள் மெஷினும் நெட்டும். 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்தான் நான் பார்ப்பதில் பெரும்பாலானவை. நான்காவது, பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? செமஸ்டர் இருக்கிறது, வேலை இருக்கிறது, மழைக்காலத்தில் கரண்ட் போகிறது.

## இலவச ஆன்லைன் கேம்கள்

பிஜிஎம்ஐ, வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வகையறா துப்பாக்கிச் சண்டை கேம்கள். வாங்க ஒரு பைசா வேண்டாம். நாலு நண்பர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் இதற்கு ஈடு இல்லை. சிரிப்பும் சண்டையும் நண்பர்களிடமிருந்து வருவதால் சலிப்பதும் தாமதமாகும்.

ஆனால் இலவசம் என்பது வாசற்படி வரைக்கும்தான். என் அக்கா மகன் ஒரு மொபைல் கேமில் 29 ரூபாய், 89 ரூபாய் என்று அம்மா போனிலிருந்து யுபிஐயில் போட்டுக்கொண்டே இருந்தான். நாலு மாதம் கழித்து ஸ்டேட்மெண்டைக் கூட்டினால் 2,300 ரூபாய். கையில் இருந்தது ஒரு துப்பாக்கிக்குப் பூசிய பெயிண்ட். சீசன் முடிந்தால், பரிசுகளுக்காகக் காசு கொடுத்து எடுத்த பேட்டில் பாஸும் முடிந்தது. 'இன்னைக்கு உள்ள போகலைன்னா பரிசு போயிடும்' என்ற நச்சரிப்பு வேறு. அது ஆட்டமாக இல்லை, டியூஷனாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆன்லைன் கேம் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம். பிஜிஎம்ஐ 2021-ல் வந்தது, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, 2023 மே மாதம்தான் திரும்பியது. சிக்னல் ஆடுகிற மலைப்பக்கத்துக்கு இந்த வகை ஆகவே ஆகாது.

## வாரம் ஒன்று இலவசமாக வருவது

ஸ்டீம் மாதிரியே கேம் விற்கும் எபிக் கடை 2018 டிசம்பரில் தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் குறைந்தது ஒரு கேமை இலவசமாகத் தருகிறது. நம் நேரத்துக்கு இரவு எட்டரை அல்லது ஒன்பதரை மணிக்கு மாறும். அந்த வாரத்துக்குள் 'பெற்றுக்கொள்' பொத்தானை அழுத்திவிட்டால் உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே கொடுத்தார்கள். டவுன்லோடு பிறகு செய்துகொள்ளலாம், உரிமையை மட்டும் போனிலேயே வாங்கி வைக்கலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல, குவியல். என் கணக்கில் நூற்றுக்கு மேல் கிடக்கிறது, முடித்தது ஏழோ எட்டோ. கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறிவிட்டால் எதையும் ருசித்துச் சாப்பிட முடியாதே, அதே கதை. பத்து நிமிடம் ஆடிவிட்டு அடுத்ததைத் திறக்கிற பழக்கம் வந்துவிட்டால் நல்ல கேமும் சப்பென்று தெரியும். வாங்கி வையுங்கள், ஆனால் ஒன்றை முடிக்காமல் இன்னொன்றை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

## தள்ளுபடியில் சின்ன கேம் வாங்குவது

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் நிற்கிறேன்.

ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கிறது, யுபிஐ செல்லும். கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில், அதாவது நம் ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். குளிர்காலத் தள்ளுபடி டிசம்பர் கடைசியில். வேண்டிய கேமை விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை இறங்கும்போது மெயில் வரும். தள்ளுபடி தொடங்கிய அன்றே அடித்துப் பிடித்து வாங்க வேண்டாம். பொதுவாகக் கடைசி நாள் வரை அதே விலைதான். இந்தத் தள்ளுபடி நிஜமா, ஏற்றி இறக்கியதா என்று ஸ்டீம்டிபி தளத்தின் விலை வரலாற்றில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லேப்டாப்பில் ஓடுமா ஓடாதா என்ற பயத்துக்கு இதுவே மருந்து.

சின்ன கேம்களில் நமத்துப் போகாதவை என்று நான் கண்டது இரண்டு ரகம்.

முதல் ரகம், சட்டென்று முடிந்துவிடுபவை. 2007-ல் வந்த போர்ட்டல் மூன்று நான்கு மணி நேரம்தான். சுவரில் ஒரு வாசல், எதிர்ச் சுவரில் ஒரு வாசல், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவோம். இந்த ஒரே கருத்தை அறை அறையாகத் திருகி, நமக்குப் பிடிபட்டுவிட்டது என்று தோன்றும் நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பெரிய தள்ளுபடிகளில் இதன் விலை 80, 90 சதவீதம் வரை இறங்கும். 2018-ல் வந்த செலஸ்ட் மலை ஏறுகிற கேம். முதல் கதையை முடிக்கச் சுமார் எட்டு மணி நேரம். ஒரு திரையில் நூறு தடவை விழுவீர்கள், ஆனால் அதே திரையின் தொடக்கத்தில் சட்டென்று எழுந்துவிடலாம், அதனால் கோபம் வருவதில்லை. ரொம்பக் கடினமாக இருந்தால் எளிதாக்கிக்கொள்ள வசதி உள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது ரகம், ஒவ்வொரு ஆட்டமும் புதிதாக இருப்பவை. சீட்டுக்கட்டு மாதிரி. 52 சீட்டு தாத்தா காலத்திலிருந்து அதேதான், யாருக்காவது சலித்ததா? 2019-ல் முழுமையாக வந்த, சீட்டை வைத்தே எதிரிகளோடு சண்டை போடும் ஸ்லே த ஸ்பையரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீரனோடு தொடங்கும்போது கையில் பத்தே சீட்டு: ஐந்து அடி, நான்கு தடுப்பு, ஒரு பலத்த அடி. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். ஒளிவு மறைவு இல்லை. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நல்ல சீட்டாகத்தான் இருக்கும், ஆனால் எடுத்தால் கட்டு பெருத்து, வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் வராது. எதையும் எடுக்காமல் விடுவது எப்போது என்று தெரியவே எனக்கு முப்பது மணி நேரம் ஆனது. ஓர் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவில் மூடிவிட்டால் அந்தச் சண்டையின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், எனவே கரண்ட் போனாலும் பெரிய இழப்பு இல்லை.

2024-ல் வந்த பலாட்ரோவும் இதே குடும்பம். போக்கர் சீட்டை வைத்து ஆடினாலும் பணம் வைக்கிற ஆட்டம் அல்ல. இருந்தாலும் வீட்டில் பெரியவர்கள் திரையைப் பார்த்தால் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள். வாம்பயர் சர்வைவர்ஸ் இன்னும் மலிவு. தியேட்டரில் டிக்கெட்டும் பாப்கார்னும் ஆகிற காசுக்குள் கிடைக்கும். நடப்பது மட்டுமே நம் வேலை, ஆயுதம் தானே சுடும், பொதுவாக ஓர் ஆட்டத்துக்கு முப்பது நிமிட எல்லை. நேர்மையாகச் சொன்னால் எனக்கு இது இருபது மணி நேரத்தில் நமத்தது. என் கடைப் பையன் இன்னும் விடவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டார்டியூ வேலி இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த பண்ணை கேம், வந்தது 2016. முழு விலையே 500 ரூபாயை ஒட்டித்தான். பிறகு வந்த பெரிய அப்டேட்டுகள் எல்லாம் இலவசம், எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஒரு குறை: கேமுக்குள் தூங்கப் போனால்தான் சேவ் ஆகும். கேமின் ஒரு நாள் நமக்குச் சுமார் 14 நிமிடம். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இடி மின்னலோடு ஆடினால் அன்றைய அறுவடை போச்சு.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. 150, 200 என்று பத்து கேம் வாங்கினால் 2,000 ரூபாயை நெருங்கிவிடும். ஆடித் தள்ளுபடியில் எடுத்து பீரோவிலேயே இருக்கிற புடவை மாதிரி. அப்புறம், கீ எனப்படும் கேமைத் திறக்கும் குறியீட்டை இன்னும் மலிவாக விற்கும் மூன்றாம் தரப்புத் தளங்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு தளத்தில் வாங்கினேன். இரண்டு மாதத்தில் கேம் என் கணக்கிலிருந்து காணாமல் போனது. போட்ட மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. மிச்சம் பிடித்தது 120 ரூபாய், போனது 380.

## பழைய பெரிய கேம்

விட்சர் 3 (2015) போன்றவை இப்போது தள்ளுபடியில் 500-க்குள் வந்துவிடுகின்றன. கதைக்காக ஆடுகிறவர்களுக்கு நல்ல பேரம். முக்கியக் கதை மட்டும் ஐம்பது மணி நேரம், கிளைக்கதைகளும் வெறும் நிரப்பல் அல்ல. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், டவுன்லோடு பத்து, இருபது ஜிபியில் நிற்காது. தினம் 2 ஜிபி போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் போட்டு இறக்குகிறேன் என்றால் ஒரு மாதம் ஆகும். 400 ரூபாய் கேமுக்காக 60,000 ரூபாய் லேப்டாப் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

## மாதச் சந்தா

எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், ஆப்பிள் ஆர்க்கேட், கூகுள் பிளே பாஸ். கடைசியாகச் சொன்னது 2022-ல் 99 ரூபாய் மாதக் கட்டணத்தில் இந்தியாவுக்கு வந்தது. விளம்பரமும் உள்ளே காசு கேட்பதும் இல்லாத மொபைல் கேம்கள் குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் இதுவும் ஆர்க்கேடும் நல்லவை. கேம் பாஸில் கேம்கள் வந்து போய்க்கொண்டிருக்கும். நீங்கள் பாதியில் இருக்கும்போதே வெளியேறலாம். கட்டணமும் சில முறை ஏறியிருக்கிறது. செமஸ்டர் லீவு ஒரு மாதம் மட்டும் போட்டு, மூன்று கேம் முடித்து, நிறுத்திவிடுகிறவர்களுக்கு லாபம். ஆட்டோபேயை அன்றே ரத்து செய்யுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் ஆறு மாதம் ஓடிவிடும்.

## பழைய டிஸ்க்

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 1,000 ரூபாய்க்கு வாங்கி, முடித்து, 800-க்கு விற்றால் செலவு 200. இந்தக் கணக்குக்கு முன் மற்ற எதுவும் நிற்காது. ஆனால் டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலில் செல்லாது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் ஆள் பிடிக்க வேண்டும், கூரியர் செலவும் கீறல் பயமும் கூடவே வரும். நேரில் வாங்கினால் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

## கட்டற்ற கேம்கள்

யாரும் விளம்பரம் செய்யாததால் யாருக்கும் தெரியாத வழி. ஆர்வலர்கள் சேர்ந்து செய்து, மூல நிரலையும் திறந்து வைத்திருப்பவை. பேட்டில் ஃபார் வெஸ்நாத் 2003-லிருந்து வளர்கிறது. அறுகோணக் கட்டங்களில் படையை முறைவைத்து நகர்த்தும் போர். நெட் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், உள்ளே ஒரு ரூபாய் கேட்காது. பார்வைக்குப் பழசாகத்தான் இருக்கும், முதல் ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும். மற்றவை முதலில் மொறுமொறுத்துப் பின்னால் நமத்துப்போகும், இது தலைகீழ். ஆண்ட்ராய்டு போனில் ஷாட்டர்ட் பிக்ஸல் டஞ்சன் போட்டுப் பாருங்கள். விளம்பரம் இல்லை, ஒவ்வொரு முறையும் புதுப் பாதாளம். சேலம் ஜங்ஷனில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றபோது என்னைக் காப்பாற்றியது அதுதான்.

| வழி | கையிலிருந்து போவது | மறைந்திருப்பது | எப்போது சரி |
|---|---|---|---|
| இலவச ஆன்லைன் | 0 | ஸ்கின், டேட்டா, தினசரி நச்சரிப்பு | நண்பர் கூட்டமும் நல்ல நெட்டும் இருந்தால் |
| வார இலவசம் | 0 | குவியல் | பொறுமைசாலிக்கு |
| சின்ன கேம், தள்ளுபடியில் | 100 – 500 | பத்து வாங்கும் சபலம் | சாதாரண லேப்டாப், குறைந்த நேரம் |
| பழைய பெரிய கேம் | 300 – 500 | கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய டவுன்லோடு | கதைப் பிரியருக்கு |
| சந்தா | மாதாமாதம் | மறந்துபோன ஆட்டோபே | ஒரு மாத லீவுக்கு |
| பழைய டிஸ்க் | விற்றால் 200 சொச்சம் | கூரியர், கீறல் | பிளேஸ்டேஷன் இருந்தால் |
| கட்டற்றவை | 0 | முதல் மணி நேரப் பொறுமை | நெட் இல்லாத இடத்துக்கு |

## அப்படியானால் யாருக்கு எது

ஹாஸ்டலில் இருக்கிற, 500 ரூபாய் வைத்திருக்கிற தம்பிக்கு: எபிக் கணக்கு ஒன்று தொடங்கி வியாழக்கிழமைகளில் வருவதை எடுத்து வை. காசை ஜூன் கடைசி வரை வைத்திருந்து, ஸ்லே த ஸ்பையர் ஒன்றும் போர்ட்டல் ஒன்றும் வாங்கு. மீதியில் தட்டுவடை சாப்பிடு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் ஸ்டீமில் குடும்பக் கணக்கு போடலாம், 2024-லிருந்து ஆறு பேர் வரை ஒருவர் கேமை மற்றவர் ஆடலாம். ஆனால் ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் ஆட முடியாது.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கிற அப்பா அம்மாவுக்கு: இலவசம் என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, ஒருமுறை காசு கொடுத்து ஸ்டார்டியூ வாங்கிக் கொடுங்கள். போனில் யுபிஐ பின்னைப் பிள்ளைக்குத் தெரியாமல் வையுங்கள்.

ஏற்காட்டு டீச்சருக்கு இரண்டு போட்டுக் கொடுத்தேன். ஒன்று வெஸ்நாத். இன்னொன்று 2019-ல் வந்த 'எ ஷார்ட் ஹைக்', அவர் கணக்கிலேயே வாங்கியது. ஒரு ஜிபிக்கும் குறைவு. இங்கே கடை வைஃபையிலேயே இறக்கி, ஆஃப்லைனில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு சின்னப் பறவை, போன் சிக்னல் கிடைக்காததால் மலை உச்சி வரை ஏறுகிறது. அவ்வளவுதான் கதை. நேராக ஏறினால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் மீன் பிடிக்கலாம், யாருடனாவது பேசலாம், ஏறுவதற்குத் தெம்பு தருகிற தங்க இறகுகளைத் தேடலாம். கதையைச் சொன்னதுமே சிரித்துவிட்டார். "எங்க பக்கமும் அதே கதைதான் தம்பி. பேசணும்னா வீட்டுக்கு மேல இருக்கிற பாறைக்குத்தான் ஏறணும்."

போன வாரம் சார்ஜர் வாங்க வந்தார். முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"உச்சிக்கெல்லாம் மூணாம் நாளே போயாச்சு. இன்னும் ரெண்டு தங்க இறகு பாக்கி."